தலையணையை அணைத்துக்கொண்டு சிரித்த நாட்கள்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில், எனது 64ஆம் வயதில், எனக்கு இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. எட்டாம் நாள் வீடு திரும்ப அனுமதி கிடைத்தது. புறப்படுமுன் செவிலியர் ஒருவர் என்னையும் என் மனைவியையும் அமரவைத்து, வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். அவற்றுள் ஒன்று: "இருமும்போதும், தும்மும்போதும், சிரிக்கும்போதும் இந்தச் சின்னத் தலையணையை நெஞ்சோடு சேர்த்து அணைச்சுக்குங்க, சார்."

இருமலும் தும்மலும் எனக்கு விளங்கின. சிரிப்பு எங்கிருந்து வரப்போகிறது என்பதுதான் விளங்கவில்லை. அன்றைய நிலையில் சிரிப்பு எனக்கு அண்டார்டிகாவைப் போன்ற தொலைவில் இருந்தது. என் மனைவியோ அந்த வாக்கியத்தையும் விடாமல் நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதிக்கொண்டார். "சிரிப்பு – தலையணை" என்று அவர் கையால் எழுதிய அந்தத் தாள் இன்னும் எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது.

இச்சிகிச்சையில் நெஞ்சின் நடுவிலுள்ள எலும்பைப் பிளந்து, பணி முடிந்தபின் எஃகுக் கம்பிகளால் இணைத்துக் கட்டுகிறார்கள். அவ்வெலும்பு ஒன்றுகூட 6 முதல் 8 வாரங்கள் ஆகும். முழு வலிமை பெற அதற்கு மேலும் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை பாரம் தூக்குதல், கைகளை ஊன்றி எழுதல், இருசக்கர வண்டி ஓட்டுதல் ஆகியவை கூடா. எனக்கு விதிக்கப்பட்ட எல்லை 3 கிலோ. அதற்கு மேற்பட்ட எதையும் தூக்கக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை.

அந்த 3 கிலோ எங்கள் உறையூர் வீட்டில் ஓர் அரசியல் சட்டமாகவே ஆகிவிட்டது. என் மனைவி சமையலறைத் தராசைக் கூடத்திற்குக் கொண்டுவந்துவிட்டார். நான் தொடும் பொருளெல்லாம் முதலில் தராசில் ஏறி இறங்கின. தண்ணீர்ச் செம்பு தேறியது. ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள் தேறியது. தமிழ்ப் பேரகராதியின் தொகுதி ஒன்றை எடுக்க நான் எழுந்தபோது, "அதை நிறுத்துப் பார்க்கவே வேண்டாம், பார்த்தாலே தெரியுது" என்று தடுத்துவிட்டார். அகராதியைப் பற்றி இவ்வளவு துல்லியமான மதிப்புரையை முப்பத்திரண்டு ஆண்டுத் தமிழாசிரியர் பணியில் நான் கேட்டதில்லை.

பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த ஆறு வயதுப் பேரனும் தராசின்மீது ஏறி நின்றான். அதன் முள் கடைசிக் கோட்டைத் தாண்டி நின்றது. "நான் மூணு கிலோ இல்லையா தாத்தா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனான். அவனைத் தூக்க முடியாத வருத்தத்தை நான் வெளிக்காட்டவில்லை. சற்று நேரத்தில் திரும்பி வந்து, "பரவாயில்லை தாத்தா, நான் உங்களைத் தூக்கறேன்" என்றான். அன்றுதான் முதன்முறையாகத் தலையணையைத் தேடினேன்.

படுக்கையிலிருந்து எழுவதைப் பற்றி ஒரு தனி நூலே எழுதலாம். கைகளை ஊன்றாமல் ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, அந்தக் கனத்தால் உடம்பு தானே நிமிரும்படி எழ வேண்டும். நான் எழும்போது மனைவி ஒருபுறமும் மகள் மறுபுறமுமாக நின்று "மெல்ல, மெல்ல" என்று குரல் கொடுப்பார்கள். பேரன் தலைமாட்டில் நின்று கை காட்டுவான். திருவரங்கத்துச் சித்திரைத் தேர் நிலையை விட்டுப் புறப்படுவதற்கு ஆகும் ஆரவாரத்தில் ஏறக்குறைய பாதி, நான் கழிவறைக்குச் செல்ல ஆயிற்று. முட்டுக்கட்டை போடுவதற்கு மட்டும் ஆள் இல்லை.

மூச்சுப் பயிற்சிக் கருவியை இவ்வழியே சென்ற அனைவரும் அறிவார்கள்: மூன்று குழாய்களில் மூன்று பந்துகள், மூச்சை உள்ளிழுத்தால் அவை எழும்பும். மயக்க மருந்துக்கும் படுக்கைக்கும் பின் நுரையீரலின் அடிப்பகுதி சரிவர விரியாமல் சளி தங்கிக் காய்ச்சல் வராதிருக்கவே இப்பயிற்சி. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்துமுறை இழுக்குமாறு எனக்குச் சொல்லியிருந்தார்கள். முதல் வாரத்தில் முதற்பந்து மட்டும் எழும்பும்; இரண்டாவது தும்மியதுபோல் ஒரு துள்ளல் துள்ளி விழும்; மூன்றாவது அசையாது. பேரனுக்கும் ஊதிப் பார்க்க ஆசை. ஒருவர் வாய்வைத்த கருவியில் பிறர் வாய்வைத்தல் ஆகாது என்பதால், அவனுக்கு நடுவர் பதவி தந்தோம்.

பதவி ஏற்றவன் எனது பழைய மதிப்பெண் பதிவேடு ஒன்றைப் பரணிலிருந்து எடுக்கச் செய்து, நாள்தோறும் பந்துகளுக்கு மதிப்பெண் இட்டான். முதல்நாள் எனக்குக் கிடைத்தது பத்துக்கு மூன்று. எதிரில் "இன்னும் முயற்சி தேவை" என்று எழுதியிருந்தான். எத்தனை ஆயிரம் பிள்ளைகளின் விடைத்தாளில் நான் எழுதிய வாசகம் அது! எழுதப்பட்டவனுக்கு அது எப்படிக் கசக்கும் என்பதை 64 வயதில் அறிந்துகொண்டேன். "பெற்றோர் கையொப்பம்" என்ற கட்டத்தில் என் மனைவியிடம் கையெழுத்து வாங்கிவரச் சொன்னான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மதிப்பெண்ணைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, கையெழுத்திட்டார். அந்தப் பதிவேட்டுக்குப் பயந்தே நான் ஒரு மணியும் தவறாமல் பயிற்சி செய்தேன் என்பது உண்மை. மூன்றாம் வாரத்தில் மூன்று பந்துகளும் எழும்பின.

இரவுகள் வேறு வகையானவை. மல்லாந்துதான் படுக்க வேண்டும். எனக்கு அது பழக்கமில்லை. கண்மூடிக் கிடப்பேன், உறக்கம் வராது. வீடு வந்த மூன்றாம் இரவு, இரண்டு மணி இருக்கும். என் மூக்கின்கீழ் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. அசையாமல் கிடந்தேன். அது என் மனைவியின் விரல். மூச்சு வருகிறதா என்று பார்க்கிறார். எனக்கு என்ன தோன்றியதோ, கண்ணைத் திறக்காமலே, "இன்னும் இருக்கேன்" என்றேன். அவர் அலறிவிட்டார். பிறகு சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் எப்போது அழத் தொடங்கினார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. மருத்துவமனையில் இருந்த எட்டு நாளும் அவர் கண்ணில் ஒரு சொட்டு நீரை நான் பார்த்ததில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்தார். இவ்வரிசையைப் பல்லாண்டு வகுப்பில் ஒப்புவிக்கச் செய்தவன் நான். இரண்டும் ஏன் அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கின்றன என்று எந்த மாணவரும் கேட்டதில்லை; நானும் எண்ணிப் பார்த்ததில்லை.

நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் அவர் சொல்வார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் பிறரை இகழ்வது. இளமை குழந்தைமை. பேதைமை அறியாமை. மடன் என்பதைச் சொன்னதைச் சொன்னவாறே பிடித்துக்கொள்ளும் தன்மை என்று மாணவர்க்கு விளக்குவது என் வழக்கம். தராசோடு நின்ற என் மனைவியைப் பார்த்தபின் வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தேவைப்படவில்லை. நோயாளி இருக்கும் வீட்டில் பின்னைய மூன்றும் தாமே விளைகின்றன. முதலாவதுதான் ஆபத்தானது. அதை விருந்தினர் கொண்டுவருவார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். கொண்டுவந்தவன் நானே.

உடல்நலம் கேட்க வருவோர் ஒரு பெருங்கூட்டம். அவர்கள் கொண்டுவரும் சாத்துக்குடியும் ஹார்லிக்சும் அலமாரி நிறைந்து, பிறகு சன்னல் மேடையையும் பிடித்துக்கொண்டன. சிலர் பழத்தோடு கதையும் கொண்டுவருவார்கள்: "எங்க பெரியப்பா ஒருத்தருக்கும் இதே ஆபரேஷன்தான், நல்லாத்தான் இருந்தார், திடீர்னு ஒருநாள்..." என்று தொடங்கி, என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, முடிவை மாற்ற வழி தெரியாமல் தவிப்பார்கள். அந்தப் பெரியப்பாவை எப்படியாவது பிழைக்கவைக்க அவர்கள் படும் பாட்டைக் காண எனக்கு வேடிக்கையாக இருக்கும். ஒருவர் அவரைச் சிங்கப்பூருக்கே அனுப்பிவைத்துவிட்டார்.

அப்படி ஒரு மாலை, என் மைத்துனரும் அவர் குடும்பத்தாரும், பக்கத்து வீட்டாரும் கூடியிருந்தபோது, அவையைக் கலகலப்பாக்கும் எண்ணத்தில் அந்த மூக்கு விரல் நிகழ்ச்சியை எடுத்துச் சொன்னேன். நடித்தும் காட்டினேன். மைத்துனர், "மாமா, அக்கா உங்களை நம்பவே இல்லை போலிருக்கே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனார். குழாயில் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிரவு அவர் விரல் வரவில்லை. இரண்டு மணிக்கும் விழித்திருந்தேன், மூன்று மணிக்கும் விழித்திருந்தேன். அடுத்த கட்டிலில் அவரும் உறங்கவில்லை என்பது தெரிந்தது. என் உயிர் இருக்கிறதா என்று ஒருவர் நள்ளிரவில் அஞ்சித் தொட்டுப் பார்த்ததைச் சந்தையில் விரித்துவிட்டேன். அந்த வேடிக்கை எங்கள் இருவருக்கும் உரியது. பாதி உரிமைக்காரரைக் கேளாமல் நான் முழுவதையும் விற்றுவிட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும். நாற்பது ஆண்டு மணவாழ்வில் அந்தச் சொல்லை நான் அதிகம் பழகியதில்லை.

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது பிள்ளைகள் சொல்லும் பதில் நினைவுக்கு வந்தது. இருட்டில், "உள்ளேன் அம்மா" என்றேன்.

நெடுநேரம் பதில் இல்லை. பிறகு கட்டில் கிரீச்சிட்டது. விரல் வந்தது. "நாளைக்கு இதையும் போய்ச் சொல்லுங்க" என்றார். அவரது குரலில் பாதிக் கோபம் போயிருந்தது. (இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் அவரிடம் படித்துக்காட்டி, ஒப்புதல் பெற்றுள்ளேன். இரண்டு இடங்களை நீக்கச் சொன்னார், நீக்கிவிட்டேன்.)

இனிச் சொல்லப்போவது, படிப்போர் சற்று நின்று கவனிக்க வேண்டிய செய்தி.

பைபாஸ் சிகிச்சைக்குக் காலிலிருந்து இரத்தக்குழாய் எடுத்திருந்தார்கள். கணுக்காலின் உட்புறத்திலிருந்து மேலே ஒரு நீண்ட தையல். வீடு வந்த ஒன்பதாம் நாள் காலையில், வேட்டியில் ஈரக்கறை கண்டேன். அடைமழை நாள், மாடியறையில் ஓரிடத்தில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. "வீடுதான் ஒழுகுதுன்னு பார்த்தேன், காலும் சேர்ந்து ஒழுகுது" என்றேன். என் மனைவி வாய்விட்டுச் சிரித்தார். வீடு வந்தபின் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றுதான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கறையைத் தண்ணீரில் அலசிவிட்டுப் பேசாமல் இருந்தேன். மறுநாளும் கசிந்தது, மறுநாளும் கூரையைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னேன்.

இரண்டாம் நாள் மாலை உடம்பு நடுங்கியது. காய்ச்சல் 101 டிகிரி. ஊருக்குத் திரும்பியிருந்த மகள் தொலைபேசியில், "அப்பா, சிரிச்சது போதும். உடனே கிளம்புங்க" என்றாள். அன்றிரவே மருத்துவமனைக்கு வந்தோம். காயத்தைத் திறந்து சுத்தம் செய்து, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றி, நான்கு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. "இதே கசிவு நெஞ்சுக் காயத்தில் வந்திருந்தால் இரண்டு நாள் காத்திருக்க நேரம் இருந்திருக்காது" என்று மட்டும் சொன்னார். என் மனைவி அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னை அவர் பார்த்த பார்வையை நான் மறக்க இயலாது. சிரித்ததற்காக அவர் தம்மையே நொந்துகொண்டார். குற்றம் முழுவதும் என்னுடையது.

அதன்பின் எங்கள் வீட்டில் ஒரு விதி ஏற்பட்டது: முதலில் தெர்மாமீட்டர், பிறகு வேடிக்கை. காலையில் சிறுநீர் கழித்தபின், உணவுக்கு முன், எடை பார்த்துக் குறிப்போம். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள். மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினாலும், காயம் சிவந்து சூடேறினாலும், கசிந்தாலும், தையல் விளிம்பு விலகினாலும், நெஞ்செலும்பில் "க்ளிக்" என்று ஓசையோ அசைவோ தெரிந்தாலும், மூச்சு வாங்கினாலும் அதைப் பற்றி யாரும் வேடிக்கை பேசுவதில்லை. தொலைபேசியை எடுப்போம். தொலைபேசி எண்ணும் அதே குளிர்பதனப் பெட்டிக் கதவில், "சிரிப்பு – தலையணை" என்பதற்கு மேலே ஒட்டப்பட்டிருக்கிறது.

மற்றொன்றையும் நான் வேடிக்கையால் மூடப் பார்த்தேன். நான்காம் வாரத்தில் காரணமின்றி அழுகை வந்தது. தொலைக்காட்சியில் ஓர் ஊறுகாய் விளம்பரம். பாட்டி ஒருத்தி பேரனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறாள். எனக்குக் கண்ணீர் பெருகிவிட்டது. "உப்பில்லாமல் சாப்பிடுகிறவன் ஊறுகாயைப் பார்த்தால் அழாமல் என்ன செய்வான்?" என்று சமாளித்தேன். ஆனால் இம்முறை என் மனைவி சிரிக்கவில்லை. அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் தாமே எடுத்துச் சொல்லிவிட்டார். இதய அறுவைச் சிகிச்சைக்குப்பின் முதல் சில வாரங்களில் மனம் தளர்தலும் எளிதில் கண் கலங்குதலும் பலருக்கும் நேர்வன, பெரும்பாலும் தாமே குறையும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ உணவிலும் உறக்கத்திலும் நாட்டம் அற்றுப்போனாலோ சொல்ல வேண்டும், அதற்கும் மருத்துவம் உண்டு என்று மருத்துவர் விளக்கினார். பிறகு அவர் என் மனைவியைப் பார்த்து, "நீங்க எப்படி இருக்கீங்க அம்மா? தூங்கறீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஒரு மாதமாக எங்களில் யாரும் கேட்கவில்லை. அந்த வாரமே மகள் வந்து ஐந்து இரவுகள் என் அறையில் படுத்துக்கொண்டாள்.

அறுவைக்குப் பின் மூன்று மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்து நான் பார்த்த முதல் படம், ஸ்ரீதர் இயக்கி 1964இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை'. நாகேஷ் பாலையாவிடம் திகில் படக் கதை சொல்லும் காட்சி வரப்போகிறது என்று தெரிந்ததும் மனைவி எழுந்து சென்று தலையணையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். சிரித்தால் எலும்பு பிரிந்துவிடுமோ என்ற அச்சம் எனக்கு இருந்தது. முன்பே கேட்டு வைத்திருந்தேன். "கம்பி போட்டுக் கட்டியிருக்கு சார், நாகேஷுக்கெல்லாம் பிரியாது. அணைச்சுக்கிட்டுச் சிரிங்க" என்றிருந்தார் மருத்துவர். அந்தக் காட்சி முடியும்வரை தலையணையை இறுக்கிக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

அமெரிக்க இதழாசிரியர் நார்மன் கசின்ஸ், கடும் மூட்டு நோயில் கிடந்தபோது நகைச்சுவைப் படங்கள் பார்த்ததாகவும், பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணி நேரம் வலியின்றி உறங்க முடிந்ததாகவும் எழுதினார். 1979இல் வெளியான அவரது நூல் புகழ்பெற்றது. அது ஒரு மனிதரின் அனுபவம். அதை மருந்துச் சீட்டாகக் கொள்ளக் கூடாது. ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் ராபின் டன்பாரும் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பிறரோடு சேர்ந்து சிரித்தபின் வலி தாங்கும் ஆற்றல் கூடுவதைக் கண்டனர். என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: அன்றிரவு நான்கரை மணி நேரம் தொடர்ந்து உறங்கினேன். படமா, மாத்திரையா, மகள் பக்கத்தில் இருந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. மாத்திரையை நான் நிறுத்தவில்லை.

உப்பைப் பற்றி ஒரு சொல். அப்பளம், வடகம், ஊறுகாய், கருவாடு எல்லாம் என் தட்டிலிருந்து விலகின. எனக்குத் தனிச்சமையல் என்றே எண்ணியிருந்தேன். ஒருநாள் மனைவியின் தட்டிலிருந்து ஒரு வாய் குழம்பைத் திருட்டுத்தனமாக எடுத்துச் சுவைத்தபோதுதான், அதிலும் உப்பு அரைகுறை என்று தெரிந்தது. "இதைத் திருடவா இவ்வளவு பாடுபட்டீங்க?" என்றார்.

எட்டாம் வாரப் பரிசோதனையில் எலும்பு நன்றாகக் கூடியிருப்பதாகச் சொன்னார்கள். சிறிது சிறிதாகப் பாரம் தூக்கலாம் என்றார்கள். தராசு அடுக்களைக்குத் திரும்பியது. பேரன் அவனது பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் "தேர்ச்சி" என்று எழுதி, அவனே கையொப்பமும் இட்டான்.

சென்ற வாரம் ஓர் இரவு, பழக்கத்தால் இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. விரல் வரவில்லை. சற்று நேரம் காத்திருந்தேன். அடுத்த கட்டிலில் ஓசையே இல்லை. வழக்கமாக மெல்லிய குறட்டை கேட்கும். அன்று அதுவும் இல்லை. ஒருக்களித்து, கால்களைத் தொங்கவிட்டு, முறைப்படி எழுந்து, இருட்டில் தடவிச் சென்று, அவர் மூக்கின்கீழ் விரலை வைத்தேன்.

கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்: "உள்ளேன் ஐயா. போய்ப் படுங்க."